மட்டக்களப்பு, அம்பாறை வானத்துக்கு எது பொருந்தும்: பைனாகுலரா, வில்லைத் தொலைகாட்டியா, டொப்சோனியனா?

வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ தொலைகாட்டி வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது, பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் "525 மடங்கு" போன்ற ஓர் எண். அதை வைத்து எதையும் தெரிவு செய்ய வேண்டாம். ஒரு தொலைகாட்டி உருப்படியாகத் தரக்கூடிய உருப்பெருக்கத்துக்கு எல்லை உண்டு. முன்வில்லையின் அல்லது ஆடியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் அந்த எல்லை வரும். 70 மி.மீ. வில்லைக்கு 140 மடங்கு. அதைத் தாண்டினால் பெரிதாவது மங்கல் மட்டும்தான். 1610இல் கலிலியோ வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்குக் கருவியால்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எங்கள் வானத்தில் எது எந்த உயரத்தில் நிற்கிறது? அதை நோக்கிக் கருவியைத் திருப்ப முடியுமா? எத்தனை பேர் பார்க்கப் போகிறார்கள்? கடற்காற்றில் கருவி எத்தனை வருடம் தாங்கும்?

7 பாகையில் இருந்து பார்க்கும் வானம்

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி 40, 50 பாகை வட அகலாங்கில் வாழ்பவர்களுக்காக எழுதப்பட்டவை. மட்டக்களப்பு 7.7 பாகையில் இருக்கிறது, அம்பாறை 7.3 பாகையில். துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்துக்கு மேலே ஏழெட்டுப் பாகைதான் நிற்கும். தென்னை வட்டும் அடிவானப் புகாரும் சேர்ந்து அதைப் பெரும்பாலும் மறைத்துவிடும். ஓரியனின் இடுப்புப்பட்டி நட்சத்திரங்கள் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே வருகின்றன. வியாழன், சனி, செவ்வாய் செல்லும் பாதையும் தலைக்கு மேலேதான். ஐரோப்பாவில் இருப்பவர் காணவே முடியாத தென்சிலுவை எங்களுக்கு 22 பாகை உயரம் வரை ஏறும். நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்டிருக்கும் கோளக் கொத்துகளில் மிகப் பெரிதாகத் தெரியும் ஒமேகா சென்ரோரி 35 பாகை வரை போகும். எங்கள் பால்வீதிக்கு அயலிலுள்ள பேரடையான பெரிய மகெல்லன் மேகமும் தெற்கே 12 பாகைக்கு எட்டிப்பார்க்கும்.

இது பெரிய வாய்ப்பு. தலைக்கு மேலே இருக்கும் கோளின் ஒளி மிகக் குறைந்த அளவு காற்றைக் கடந்து வருகிறது, படம் துடிப்பது குறைவு. ஆனால் தலைக்கு மேலே பார்ப்பதுதான் எல்லாக் கருவிக்கும் கடினமான வேலை. பைனாகுலர், வில்லைத் தொலைகாட்டி, டொப்சோனியன் என்னும் ஆடித் தொலைகாட்டி ஆகிய மூன்று தெரிவுகளும் பிரிகிற இடமும் இதுதான்.

முக்காலியில் சாய்ந்த அச்சோடும் எதிர்நிறையோடும் வரும் ஈக்குவட்டோரியல் தாங்கி கடையில் கம்பீரமாகத் தெரியும். இங்கே அதை வாங்காதீர்கள். அதன் அச்சைத் துருவத்தை நோக்கி, அதாவது 7 பாகைக்கு, படுக்க வைக்க வேண்டும். மலிவான தாங்கிகள் பலவற்றில் அளவுகோல் அந்தளவுக்கு இறங்காது. இறக்கினாலும் எதிர்நிறைக் கம்பி முக்காலியின் காலில் முட்டும். குறிவைக்கத் துருவ நட்சத்திரமும் கண்ணில் படாது. மேல்–கீழ், இடம்–வலம் திரும்பும் சாதாரணத் தாங்கியே இங்கே சரி.

பைனாகுலர்

10×50 என்றால் 10 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 50 மி.மீ. இருட்டுக்குப் பழகிய கண்மணி 7 மி.மீ. விரிகிறது என்று எடுத்தால், ஒரு 50 மி.மீ. வில்லை அதைவிட ஏறத்தாழ 50 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. பார்வைப் பரப்பு வழக்கமாக ஆறு, ஆறரைப் பாகை. பன்னிரண்டு முழுநிலவுகளை வரிசையாக அடுக்கக்கூடிய அகலம். கார்த்திகைக் கூட்டம் முழுதாகத் தெரிவது இதில்தான். பெரிய தொலைகாட்டியில் அது ஒரே தடவையில் அடங்காது. நிலாவின் பெரிய கிண்ணக்குழிகள், ஓரியன் வான்புகை, அந்திரோமீடா பேரடையின் மங்கலான நீள்வட்டம், ஒமேகா சென்ரோரியின் பஞ்சு உருண்டை, விருச்சிகத்தின் வாலுக்கு அருகே உள்ள கொத்துகள் எல்லாம் கிடைக்கும். அசையாமல் பிடித்தால் வியாழனின் நிலவுகளும் தெரியும். சனியின் வளையம் தெரியாது. அதற்கு 25, 30 மடங்காவது வேண்டும்.

கெடுக்கிற விஷயங்கள் இரண்டு: கை நடுக்கம், கழுத்து வலி. நின்றுகொண்டு உச்சியைப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் கை தளரும். சாய்மனைக் கதிரையில் சாய்ந்து, முழங்கைகளைக் கதிரையின் கைகளில் ஊன்றிப் பிடித்தால் படம் நிற்கும். கதிரை இல்லையென்றால் முற்றத்தில் பாய் விரித்து, தலைக்குத் தலையணை வைத்துப் படுத்தால் போதும். முக்காலி பைனாகுலருக்கு அடிவானப் பக்கம் பார்க்கத்தான் உதவும். உச்சியைப் பார்க்க அதன் கீழே தலையை நுழைக்க இடமிருக்காது. 20×80 போன்ற பெரியவை முக்காலி இல்லாமல் பயன்படா என்பதால் எங்கள் வானத்துக்கு அவை தோதல்ல. பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் "சூம்" வகையும், சிவப்பாக மின்னும் வில்லைகளும் வேண்டாம்.

கடையில் சோதிக்கும் முறை: கருவியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கி, கண் வைக்கும் பக்கத்து வில்லைகளான பார்வைத்துண்டுகளைப் பாருங்கள். அங்கே தெரியும் ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் அரியம் தரம் குறைந்தது. பேக்-4 (BaK-4) என்று அரியத்தின் கண்ணாடி வகையை எழுதியவற்றில் இது வட்டமாக இருக்கும். அடுத்து, தூரத்துக் கூரை விளிம்பையோ மின்கம்பியையோ இரண்டு கண்ணாலும் பாருங்கள். கம்பி இரண்டாகத் தெரிந்தால், அல்லது ஒரு நிமிடத்தில் தலை இடித்தால், இரண்டு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. அதை வீட்டில் திருத்த முடியாது. பாவித்ததை வாங்குகிறீர்களானால் முன்வில்லை வழியே போன் வெளிச்சத்தை அடித்துப் பின்பக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை போன்ற நூல்கள் தெரிந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, விட்டுவிடுங்கள்.

70 மி.மீ. வில்லைத் தொலைகாட்டி

பிறந்தநாள் பரிசாக அதிகம் வாங்கப்படுவதும், அலுமாரிக்கு மேலே அதிகம் தூங்குவதும் இந்த வகை. குழாயில் குறையில்லை. 70 மி.மீ. விட்டம், 700 மி.மீ. குவியத் தூரம், 25 மி.மீ. பார்வைத்துண்டில் 28 மடங்கு, 10 மி.மீ. துண்டில் 70 மடங்கு. நிலாவின் மலை நிழல், வியாழனின் இரண்டு பட்டைகள், சனியின் வளையம், வெள்ளியின் பிறை எல்லாம் தெரியும். ஆடிகளைச் சரிசெய்யும் வேலையும் இல்லை.

குறை முக்காலியில். அலுமினியக் கால்கள் மெல்லியவை. குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டி, படம் அடங்க எத்தனை செக்கன் எடுக்கிறது என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் போனால் குவியம் திருப்பும் ஒவ்வொரு முறையும் கோள் துள்ளும். ஒரு பிள்ளையின் ஆசையை முறிக்க அந்த ஆட்டம் ஒன்றே போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது இரட்டிப்பாகும். கால்களை நீட்டாமல் குட்டையாக வைத்து, நடுவில் ஐந்து லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்றைத் தொங்கவிட்டால் ஓரளவு அடங்கும்.

உச்சியைப் பார்க்கும்போது இரண்டாவது சிக்கல் வரும். குழாயின் பின்முனை முக்காலிக் காலில் இடிக்கும், பார்வைத்துண்டு முழங்கால் உயரத்துக்கு இறங்கும். பெட்டியோடு வரும், ஒளியைத் திருப்பிப் பார்வைத்துண்டுக்கு அனுப்பும் வளைவுத் துண்டு 45 பாகை வகையா 90 பாகை வகையா என்று பாருங்கள். 45 வகை பறவை பார்ப்பதற்கு ஏற்றது. அதை வைத்து உச்சியில் இருக்கும் வியாழனைப் பார்க்கத் தரையில் மல்லாந்து படுக்க வேண்டிவரும். 90 பாகை வகையே வேண்டும். பார்வைத்துண்டின் கழுத்து 31.7 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய பழைய அளவுக்குப் பின்னர் வேறு துண்டு வாங்குவது கடினம்.

சில பெட்டிகளில் பார்வைத்துண்டில் திருகும் சிறிய கறுப்புச் சூரிய வடிகட்டி இருக்கும். அதை உடைத்து எறிந்துவிடுங்கள். குழாய் குவிக்கும் வெப்பம் முழுவதும் அந்தக் கண்ணாடியில் இறங்குகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெடித்தால் கண் போய்விடும். சூரியனைப் பார்க்கும் வடிகட்டி குழாயின் முன்வாயை முழுவதும் மூடுவதாகவே இருக்க வேண்டும். குறிபார்க்கும் சிறு தொலைகாட்டிக்கும் மூடி போட வேண்டும்.

டொப்சோனியன்

ஜோன் டொப்சன் 1960களில் சான் பிரான்சிஸ்கோவில் தெருவோரத்தில் நின்று, போகிற வருகிற சனங்களுக்கு வானத்தைக் காட்டுவதற்காக வளர்த்தெடுத்த வடிவம் இது. பெரிய குழிவாடி, நீண்ட குழாய், தரையில் உட்காரும் மரப்பெட்டித் தாங்கி. முக்காலி கிடையாது. கையால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். இந்த விலைக்கு இவ்வளவு ஒளி சேர்க்கும் வேறு வடிவம் இல்லை. 150 மி.மீ. ஆடி 70 மி.மீ. வில்லையைவிட நாலரை மடங்கு ஒளி சேர்க்கும், 200 மி.மீ. எட்டு மடங்கு.

ஒமேகா சென்ரோரியை வைத்தே ஒப்பிடலாம். பைனாகுலரில் அது பஞ்சு. 70 மி.மீ. வில்லையில் பெரிய பஞ்சு. 150 மி.மீ. ஆடியில் 100 மடங்கு அளவில் அந்தப் பஞ்சு ஓரத்திலிருந்து மணி மணியாகப் பிரிந்து நட்சத்திரங்களாகத் தெரியத் தொடங்கும். அதைப் பார்த்த பிள்ளைக்குக் கோளக் கொத்து என்றால் என்ன என்று பாடமாக்கத் தேவையில்லை.

150 மி.மீ. ஆடியும் 1200 மி.மீ. குவியத் தூரமும் கொண்டது பள்ளிக்கூடத்துக்கு அளவானது. மொத்தம் 15 கிலோவுக்குக் கிட்ட வரும், இரண்டு பேர் இரண்டு பாகமாகத் தூக்கலாம். உச்சியை நோக்கும்போதும் பார்வைத்துண்டு ஒன்றேகால் மீற்றர் உயரத்தில் இருக்கும். ஆண்டு ஆறு, ஏழு பிள்ளைகள் நின்றபடியே பார்க்கலாம், சின்னவர்களுக்கு ஏறி நிற்க ஒரு பலகை போதும்.

உச்சியின் நடுப்புள்ளியைச் சுற்றிய சில பாகைகளில் இதுவும் திணறும். குழாய் நேராக நிமிர்ந்து நிற்கும்போது பக்கவாட்டில் தள்ளப் பிடிமானம் கிடைக்காது. வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. பொருள் உச்சிக்கு வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரோ பின்னரோ பார்த்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஓட்டோவில் ஏற்றி மண்பாதையில் கொண்டுபோனால் ஆடிகள் அசையும், படம் வால் பிடித்தது போல இழுபடும். திருத்துவது பத்து நிமிட வேலை. குழாயைக் கிடையாக வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் கைதவறும் திருகுசாவி நேரே பெரிய ஆடியில் விழும். பார்வைத்துண்டைக் கழற்றி, அந்த இடத்தில் நடுவில் சிறு துளையிட்ட மூடியைப் பொருத்தி அதனூடாகப் பாருங்கள். முதலில் சிறிய ஆடியின் மூன்று திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பி, பெரிய ஆடியின் முழு வட்டமும் அதைப் பிடித்திருக்கும் கவ்விகளும் தெரியும்படி வையுங்கள். பிறகு குழாயின் அடியிலுள்ள திருகுகளால், பெரிய ஆடியின் நடுவில் ஒட்டியிருக்கும் வளையம் மூடித்துளையின் பிம்பத்தைச் சுற்றி வரும்படி நகர்த்துங்கள். இரவில் ஒரு நட்சத்திரத்தைக் குவியம் தப்பவைத்துப் பாருங்கள். வளையங்கள் ஒரே மையத்தில் இருந்தால் சரி, ஒரு பக்கம் ஒதுங்கினால் அடித்திருகை இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும்.

தாங்கி வழக்கமாக மரத்தூள் பலகையால் செய்யப்பட்டிருக்கும். மாரி ஈரத்தில் வெட்டு விளிம்பு ஊதிப் பிளக்கும். வாங்கிய கிழமையே எல்லா விளிம்புக்கும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடியுங்கள். கெட்டுப்போனால் அதே அளவுக்கு 18 மி.மீ. மரைன் பிளைவூட்டில் ஊர் ஓடாவியே செய்து தருவார், மூலத்தைவிட உறுதியாகவும் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவதானால் 150 மி.மீ. பெட்டி பயணப்பொதிக்குள் அடங்காது. அப்போது 130 மி.மீ. ஆடியும் 650 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட மேசை வகை நல்லது. ஸ்கை-வொச்சர் ஹெரிடேஜ் 130பி அந்த இனம். குழாய் சுருங்கும், எடை ஆறேழு கிலோ. பிளாஸ்டிக் மேசையில் வைத்தால் நடுங்கும். சீமெந்துக் கற்களை அடுக்கி அதன்மேல் வைத்தால் அசையாது. திறந்த பகுதியைக் கறுப்புத் துணியால் சுற்றினால் தெருவிளக்கு வெளிச்சம் உள்ளே வராது.

ஆடி வகையில் ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வோம். குவியத் தூரம் 1000 என்று எழுதியிருந்தும் குழாய் அரை மீற்றர்தான் இருக்கும் 114, 127 மி.மீ. வகைகள். கோள வடிவ ஆடியின் குறையைக் குவியக் குழாயில் செருகிய வில்லை ஒன்றால் மறைத்திருப்பார்கள். படம் கூர்மையாக வராது, ஆடிகளைச் சரிசெய்வதும் பெரும்பாடு. பெரும்பாலும் ஈக்குவட்டோரியல் தாங்கியோடுதான் வரும்.

போனோடு இணைந்து தானாகப் படமெடுக்கும் ஸ்மார்ட் தொலைகாட்டிகளும் இப்போது வந்துவிட்டன. வான்புகைகளின் நிறத்தை அவை அழகாகக் காட்டும். ஆனால் பிள்ளை பார்ப்பது திரையைத்தான். முதல் கருவியாக நாம் அதைச் சொல்லமாட்டோம்.

வரிசையில் முப்பது பிள்ளைகள்

ஒருவர் பார்ப்பதும் ஒரு வகுப்பு பார்ப்பதும் ஒன்றல்ல. வானம் நிமிடத்துக்குக் கால் பாகை நகர்கிறது. 150 மி.மீ. டொப்சோனியனில் 10 மி.மீ. துண்டைப் போட்டால் 120 மடங்கு. பார்வைப் பரப்பு அரைப் பாகைக்கும் குறைவு. கோள் ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்குப் போக ஒரு நிமிடம் நாற்பது செக்கன்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் திருப்பித் திருப்பி நிறுத்த வேண்டும். 25 மி.மீ. துண்டில் 48 மடங்கு, நாலு நிமிடத்துக்கு மேல் நிற்கும். பிள்ளைக்கு அரை நிமிடம் கொடுத்தாலும் ஆறேழு பேர் பார்த்தபின் தள்ளினால் போதும். வரிசைக்கு எப்போதும் 25 மி.மீ. துண்டு. கடைசியில் விரும்பி நிற்பவர்களுக்கு 10.

பைனாகுலரைக் கைமாற்றினால் ஒவ்வொருவரும் தானே தேட வேண்டும். முதல் பத்து நிமிடம் பாதிப் பேருக்கு எதுவும் அகப்படாது. ஆனால் தேடிக் கண்டுபிடித்தவர் அந்த இடத்தை மறப்பதில்லை.

ஆகவே எங்கள் முடிவு: தனியாளுக்கும் வீட்டுக்கும் முதலில் 10×50 பைனாகுலரும் ஒரு சாய்மனைக் கதிரையும். ஒரு வருடம் பார்த்தபின்னும் ஆசை நின்றால் 130 அல்லது 150 மி.மீ. டொப்சோனியன். பள்ளிக்கூடத்துக்கு நேரடியாக 150, வரிசையில் நிற்பவர்களுக்குக் கையில் கொடுக்க இரண்டு பைனாகுலர். 200 மி.மீ. வேண்டுமென்று நிற்பவர்கள், அதை அடிக்கடி தூக்க ஆள் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். 70 மி.மீ. வில்லைத் தொலைகாட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் எறியாதீர்கள், முக்காலியை மட்டும் உறுதியாக்குங்கள். புதிதாக வாங்க நாம் அதைச் சொல்லவில்லை. கைபேசியில் வானப்படம் காட்டும் ஸ்ரெலாரியம் செயலியை இறக்கி, திரையை இரவு நிறத்துக்கு மாற்றி வைத்துக்கொள்வது எல்லோருக்கும் உதவும்.

நாளும் இடமும்

போயா விடுமுறை என்பதால் வான்பார்வை இரவைப் பறுவத்தில் வைக்கும் வழக்கம் உண்டு. அது மாதத்தின் மிக மோசமான இரவு. நிலவொளி மங்கலானவற்றையெல்லாம் அழித்துவிடும். நிலாவிலும் நேர்வெளிச்சம் விழுவதால் மலைகளின் நிழல் தெரியாது. நிலாவுக்கும் கோளுக்கும் அமாவாசை கழிந்த ஐந்து முதல் எட்டு நாள் வரையும், கொத்துகளுக்கும் வான்புகைக்கும் அமாவாசையை ஒட்டியும் வையுங்கள்.

மாரி முடிந்த பெப்ரவரியில் இரவு எட்டு மணிக்கு ஓரியன் மேலே நிற்கும், தெற்கே அகத்தியர் நட்சத்திரம். மே நடுவில் ஒன்பது மணிக்குத் தென்சிலுவை உச்ச உயரத்தில் நிமிர்ந்து நிற்கும், மே கடைசியில் அதே நேரம் ஒமேகா சென்ரோரி. யூலை, ஓகஸ்டில் விருச்சிகமும் தனுசும், பால்வீதியின் நடுப்பகுதி 50 பாகைக்கு மேலே. சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்புப்பக்கம் திரும்பிக் கோடாகிப் போனது. வருடத்துக்கு வருடம் விரிந்து 2032 அளவில் அகலத் திறந்திருக்கும்.

கல்லடியிலிருந்து கல்முனை வரை கரையோரம் முழுக்க விளக்கு. படுவான்கரை வயல்வெளிகள் எவ்வளவோ இருட்டு. தெற்கே திருக்கோவில், பொத்துவில் பக்கமும் அப்படியே. ஆனால் வயல் ஓரத்திலும் இங்கினியாகலைப் பக்கத்திலும் யானை வரும். வெட்டவெளி தேடித் தனியே போவதைவிட, ஊருக்குள் உள்ள பள்ளிக்கூட மைதானத்தில் விளக்குகளை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும். ரோச்சின் வாயில் சிவப்புக் கடதாசி கட்டுங்கள். கடற்கரை மணலில் தொலைகாட்டி வேண்டாம், பைனாகுலர் மட்டும்.

உப்பும் பூஞ்சணமும்

எங்கள் பகுதியில் கருவிகள் பழுதாவது பாவித்து அல்ல, பூட்டி வைத்துத்தான். ஈரம் நிறைந்த தோல் உறைக்குள் பைனாகுலரை மூடி வைத்தால் ஒரு மாரியிலேயே பூஞ்சணம் பிடிக்கலாம். உறையை விட்டு, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தெரியும். ஏசி அறையில் இருந்த கருவியை வெளியே கொண்டுவந்தால் வில்லை உடனே வியர்க்கும். டப்பாவைத் திறக்காமலே அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள். பார்த்து முடித்ததும் பனியோடு மூடி போடாதீர்கள், அறைக்குள் திறந்து வைத்துக் காயவிட்டுப் பிறகு மூடுங்கள்.

ஆடியில் தூசு தெரிந்தால் துடைக்கக் கூடாது. மெல்லிய அலுமினியப் பூச்சு கோடு விழுந்துவிடும். உப்புப் படிந்தால் மட்டும் கழுவுங்கள். ஆடியைக் கழற்றி, சாய்த்துப் பிடித்து முதலில் தண்ணீர் ஓடவிடுங்கள். பிறகு ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் ஊறவையுங்கள். கடைசியாக பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரால் அலசி, செங்குத்தாக நிறுத்திக் காயவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரால் கடைசி அலசல் வேண்டாம், காய்ந்ததும் உப்புப் புள்ளி விழும். திருப்பிப் பூட்டும்போது கவ்விகளை இறுக்காதீர்கள். ஆடிக்கும் கவ்விக்கும் நடுவே ஒரு கடதாசி நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். இறுகினால் ஆடி நெளிந்து, நட்சத்திரம் முக்கோணமாகத் தெரியும்.